ஒளித்துப் போடாத ஊசி

2023ஆம் ஆண்டு யூன் மாதம், பாரிஸ் நகரில் பிரெஞ்சு பகிரங்க ரெனிஸ் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. மூன்றாவது சுற்றில் அமெரிக்க வீரர் பிரான்சிஸ் ரியாபோவை வென்றுவிட்டு வந்த ஜேர்மனிய வீரர் அலெக்ஸாண்டர் ஸ்வெரேவ், பத்திரிகையாளரிடம் ஒரு முறைப்பாட்டைச் சொன்னார். மைதானத்தில் வைத்து இன்சுலின் ஊசி போடக்கூடாது, வெளியே போய்த்தான் போடவேண்டும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாம். வெளியே போனால் அது கழிவறை இடைவேளைக் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து செற் ஆட்டத்தில் அப்படியான இடைவேளை இரண்டுதான். நீண்ட ஆட்டமென்றால் அவருக்கு நாலைந்து தடவை ஊசி தேவைப்படும். போடாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் விளக்கினார்.

இந்தச் செய்தியை வாசித்தபோது எங்களுக்கு ரெனிஸ் ஞாபகம் வரவில்லை. எங்களோடு தொழிற்சாலையில் இரவு வேலை செய்த நம்மவர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். தேத்தண்ணி இடைவேளை விட்டதும் முதலில் எழும்பிக் கழிவறைக்குப் போவார். மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று வேலை செய்த எங்களுக்கே காரணம் தெரியாது. ஒருநாள் இயந்திரத்தருகில் வியர்த்துக் கொட்டி, கதை தடுமாறி, விழப்போனார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் மேற்பார்வையாளர் நினைத்தார். அம்புலன்ஸ் வந்து இரத்தத்தைச் சோதித்த பிறகுதான் சீனி இறங்கிவிட்டது என்பது தெரிந்தது. பத்து வயதிலிருந்து ஊசி போடுகிறவராம். ஊரில் ஒளித்த பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது.

ஸ்வெரேவுக்கு உள்ளதும் இதே வருத்தம்தான். நாம் சலரோகம் என்று பொதுவாகச் சொன்னாலும், இது எங்கள் அப்பாச்சிமாருக்கு அறுபது வயதில் வந்து குளிசையோடு ஓடிய சலரோகம் அல்ல. முதலாம் வகை நீரிழிவு என்பார்கள். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, இன்சுலின் சுரக்கும் கணையத்தின் கலங்களை எதிரியென்று நினைத்து அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு இன்சுலினை வெளியிலிருந்துதான் கொடுக்கவேண்டும், ஒவ்வொரு நாளும், வாழ்நாள் முழுக்க. 1922 ஜனவரியில் கனடாவின் ரொறொன்ரோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் உடம்பு வற்றி இறந்துதான் போனார்கள். அடுத்த வருடமே, 1923இல், இங்கே பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஹோக்ஸ்ற் தொழிற்சாலை இன்சுலின் செய்யத் தொடங்கிவிட்டது.

பரம்பரை வருத்தமா என்றுதான் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் கலியாணப் பேச்சு நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு. ஆறாவது குரோமசோமில் உள்ள சில மரபணுக்கள் இந்த வருத்தம் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் அது ஒரு சாய்வு மட்டுமே. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்று இல்லை. இந்த வருத்தம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் வேறு எவருக்கும் அது இருப்பதில்லை. தாய் கர்ப்பகாலத்தில் இனிப்புச் சாப்பிட்டதாலோ, பிள்ளை சொக்கிலேற் தின்றதாலோ இது வருவதும் இல்லை. மாமியார்மார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தால் நல்லது.

ஸ்வெரேவின் குடும்பமும் வேறு நாட்டிலிருந்து வந்ததுதான். தகப்பனும் தாயும் சோவியத் ஒன்றியத்தில் ரெனிஸ் விளையாடியவர்கள். அந்த நாடு உடைந்துகொண்டிருந்த 1991இல் ஜேர்மனிக்கு வந்து, ஹம்பேர்க்கில் ரெனிஸ் பழக்கும் வேலை செய்தார்கள். எங்களைப்போல அகதி விண்ணப்பம் எழுதியவர்கள் அல்லர், கையில் தொழிலோடு வந்தவர்கள். மூத்தவன் மிஷா 1987இல் மொஸ்கோவில் பிறந்தவர். இளையவர் அலெக்ஸாண்டர் 1997 ஏப்ரல் 20ஆம் திகதி ஹம்பேர்க்கில் பிறந்தார். வீட்டில் சாஷா என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அவருக்கு ரெனிஸ் பழக்கியதில் தாய் இரீனாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

மூன்று நான்கு வயதிலேயே வருத்தம் கண்டுபிடிக்கப்பட்டது. இப்படியான பிள்ளை உயர்மட்ட விளையாட்டுக்குப் போக ஏலாது என்று வைத்தியர்கள் சொன்னார்களாம். உண்மையில், அதே வருத்தத்தோடு உயர்மட்டத்தில் விளையாடியவர் அவருக்கு வெகுகாலம் முன்பே இருந்தார். அமெரிக்கர் பில் ரால்பேர்ட் 1918இல் பிறந்தவர். பத்து வயதில் நீரிழிவு வந்தும் கார்ட்னர் மலோயோடு சேர்ந்து 1942, 1945, 1946, 1948 ஆகிய வருடங்களில் அமெரிக்க இரட்டையர் பட்டத்தை வென்றார். வைத்தியர்களும் எல்லாவற்றையும் அறிந்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு சின்னப் பிள்ளையின் தாய்க்கு அப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? பந்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள். நாங்களென்றால் அதைத்தான் செய்திருப்போம். இரீனா பூட்டவில்லை.

பிறகு நடந்ததை ரெனிஸ் பார்ப்பவர்கள் அறிவார்கள். 2014இல் அவுஸ்ரேலியப் பகிரங்கப் போட்டியில் கனிஷ்ட பட்டம். அதே வருடம் 17 வயதில், சொந்த ஊரான ஹம்பேர்க்கில், பெரியவர்களின் போட்டியில் அரையிறுதி. 2017இல் ரோமில் ஜொகோவிச்சையும் மொன்றியலில் பெடரரையும் இறுதியாட்டத்தில் வென்றார். 2018இல் லண்டனில், அந்த வருடத்தின் தலைசிறந்த எட்டுப்பேர் மோதும் போட்டியில், பெடரரை அரையிறுதியிலும் ஜொகோவிச்சை இறுதியிலும் அடுத்தடுத்து வீழ்த்தினார்.

தோல்விகளும் பெரியவைதான். 2020இல் நியூயோர்க்கில், கொரோனாவால் பார்வையாளர் எவருமில்லாத அரங்கில், அமெரிக்கப் பகிரங்க இறுதியாட்டம் நடந்தது. ஒஸ்ரியாவின் டொமினிக் தீமுக்கு எதிராக முதல் இரண்டு செற்றையும் வென்றிருந்தார். ஐந்தாவது செற்றில் 5-3 என்ற நிலையில் வெற்றிக்காகப் பந்தை அடிக்கும் வாய்ப்பு அவர் கையில் இருந்தது, ஆனாலும் தோற்றார். பரிசளிப்பில் பேசும்போது, தொற்றுக் காரணமாக வரமுடியாமல் போன தாய் தகப்பனை நினைத்து அழுதுவிட்டார். அடுத்த வருடம் ரோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது வேறு கதை. அரையிறுதியில் ஜொகோவிச்சிடம் முதல் செற்றை 1-6 என்று இழந்த பிறகு 6-3, 6-1 என்று திருப்பி அடித்தார். இறுதியில் ரஷ்யரான கச்சனோவை 6-3, 6-1 என்று வென்று தங்கப் பதக்கம் எடுத்தார். ஒலிம்பிக் ஒற்றையரில் தங்கம் எடுத்த முதல் ஜேர்மனிய ஆண் அவர். பெண்களில் ஸ்ரெபி கிராப் 1988இல் சியோலில் எடுத்திருந்தார்.

அவரை உத்தமராகக் காட்டுவது எங்கள் நோக்கம் அல்ல. 2022இல் மெக்சிகோவில் தோற்ற கோபத்தில் நடுவரின் கதிரையில் மட்டையால் ஓங்கி அடித்துத் தகுதி நீக்கப்பட்டார். முன்னாள் துணைவி ஒருவர் தொடர்பான வழக்கும் அவர்மேல் இருந்தது. 2024 யூனில் பேர்லின் நீதிமன்றம், குற்றத்தீர்ப்பு எதுவும் இல்லாமல், பணம் செலுத்தும் நிபந்தனையோடு அதை முடித்துவைத்தது. பிள்ளைகளுக்கு அவர் படத்தைச் சுவரில் ஒட்டிக் கொடுக்கும்படி நாங்கள் சொல்லமாட்டோம். நாங்கள் எழுத வந்தது அந்த ஊசியைப் பற்றித்தான்.

லண்டனில் வென்றபோதும் ரோக்கியோவில் தங்கம் எடுத்தபோதும் அவர் தன் வருத்தத்தைப் பகிரங்கமாகப் பேசவில்லை. உலகில் முதல் சில இடங்களுக்குள் நிற்கும் மனிதன், கோடிக்கணக்கான ஆட்கள் பார்க்கும் அரங்கில் விளையாடியும், பேசாமல் இருந்தார். 2022 யூனில் பாரிஸ் அரையிறுதியில் நடாலோடு விளையாடும்போது கால் பிரண்டு கணுக்கால் தசைநார்கள் கிழிந்தன. சக்கர நாற்காலியில் வெளியே போனவர் ஊன்றுகோலோடு திரும்பி வந்து கைகொடுத்து விடைபெற்றார். அந்த ஓய்வுக் காலத்தில், அதே வருடம் ஓகஸ்டில்தான், தன் பெயரில் ஓர் உதவி நிறுவனம் தொடங்கி, தனக்கு முதலாம் வகை நீரிழிவு இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். வறிய நாடுகளில் இன்சுலின் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு உதவுவதும் அந்த நிறுவனத்தின் வேலைகளில் ஒன்று.

சொல்லிப் பத்து மாதத்தில்தான் பாரிஸ் அதிகாரிகளோடு அந்தப் பிரச்சினை வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் கழிவறைக்குள் போய்ப் போட்டுவிட்டு வந்திருப்பார். சொன்னபடியால் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்க முடிந்தது. செய்தி பரவியதும் சிக்கல் தீர்க்கப்பட்டது. அந்தப் போட்டியில் அவர் அரையிறுதி வரை போனார்.

இனி எங்கள் வீடுகளுக்கு வருவோம். புதிதாக வந்த குடும்பங்கள் முதலில் அறியவேண்டியது அறிகுறிகளைத்தான். பிள்ளை அடங்காத தாகத்தோடு தண்ணீர் கேட்கும், அடிக்கடி சலம் போகும். படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை திரும்பவும் நனைக்கும். சாப்பிட்டும் மெலியும், சோர்ந்து கிடக்கும். புது நாடு, புதுச் சாப்பாடு, பள்ளிக்கூட ஏக்கம் என்று நாமே காரணம் கற்பித்துக்கொண்டு இருந்துவிடக்கூடாது. பிள்ளை சத்தியெடுத்து, மூச்சு ஆழமாக வாங்கி, மூச்சில் பழவாடை அடித்தால் விடியும்வரை பார்க்காமல் 112க்கு அடியுங்கள். மொழி தெரியாவிட்டால் "கின்ட்", "டியாபேற்றஸ்" என்ற இரண்டு சொல்லோடு விலாசத்தைச் சொன்னாலும் ஆட்கள் வருவார்கள்.

வருத்தம் உறுதியானால் ஆஸ்பத்திரியில் மறித்துவைத்துத் தாய் தகப்பனுக்கும் பழக்குவார்கள். நிறுத்து அளக்கும் மாச்சத்துக் கணக்கு முதலில் தலையைச் சுற்றும். அவர்கள் தரும் புத்தகத்தில் பாணும் உருளைக்கிழங்கும் இருக்கும். பிட்டும் இடியப்பமும் இராது. வெட்கப்படாமல் சமையல் தராசில் வைத்து நிறுத்து, வைத்தியசாலை உணவு ஆலோசகரிடம் காட்டிக் கேளுங்கள். சோறு 100 கிராமில் கிட்டத்தட்ட 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. இன்னுமொன்று, முகாம் மாற்றிக் கிழக்கு மாநிலத்திலிருந்து மேற்குக்கு வந்த ஒரு தாய், சோதனை இலக்கம் 5.6இலிருந்து 100 ஆகிவிட்டது என்று பதறிப்போனார். இரண்டும் ஒரே அளவுதான். கிழக்கில் ஒரு அலகும் மேற்கில் வேறு அலகும் பாவிக்கிறார்கள்.

பாவற்காய்ச் சாறு கொடுத்து ஊசியை நிறுத்தலாம் என்று ரெலிபோனில் ஆலோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாவற்காயைக் கறி வைத்துச் சாப்பிடுங்கள், ஊசியை மட்டும் ஒருநாளும் நிறுத்தவேண்டாம்.

வலுவிழந்தோர் அட்டை விடயம்தான் பல வீடுகளில் சண்டை. 16 வயது வரை இப்படியான பிள்ளைகளுக்குப் பொதுவாக அந்த அட்டையும், உதவி தேவைப்படுபவர் என்ற எச் குறியீடும் கிடைக்கும். அதனால் வரிச் சலுகை போன்றவை உண்டு. பிள்ளைக்கு அப்படியொரு பெயரா என்று தகப்பன்மார் விண்ணப்பத்தைக் கிழிக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியையிடமும் சொல்வதில்லை. சீனி இறங்கினால் பிள்ளைக்கு வாயில் திராட்சைச் சீனிக் கட்டி வைக்க அந்த மனுசிக்குத் தெரிந்திருக்கவேண்டாமா? எங்கள் நண்பர் விழப்போன அன்று பக்கத்தில் நின்ற எங்கள் சட்டைப்பையில் இனிப்பு இருந்தது. கொடுக்கவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

2023 யூலையில் ஸ்வெரேவ் தான் பிறந்த ஹம்பேர்க் நகரில், சேர்பியரான ஜேரேயை 7-5, 6-3 என்று வென்று முதன்முதலாகச் சொந்த ஊர்க் கிண்ணத்தைத் தூக்கினார். மூன்று கிராண்ட் சிலாம் இறுதிகளில், 2020 நியூயோர்க், 2024 பாரிஸ், 2025 மெல்பேர்ண், அவருக்குத் தோல்வியே கிடைத்தது. மூன்றையும் நாங்கள் எங்கள் நண்பரின் வீட்டில் இருந்துதான் பார்த்தோம். பாரிஸ் இறுதி ஐந்தாவது செற்றுக்குப் போனபோது நண்பரின் மனைவி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். நண்பர் சேட்டைத் தூக்கி, எங்கள் எல்லோர் முன்னாலும் ஊசியைப் போட்டுவிட்டு, ரீவிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.