சைரன் அலறும், திரை சிவக்கும்: வீட்டு கம்ப்யூட்டரில் புகும் பலே ஆசாமிகள்!

மாலை நேரம். ஆபீஸ் முடிந்து வந்து, காபியைக் குடித்து விட்டு, வீட்டு கம்ப்யூட்டரில் ரெயில் டிக்கெட் பார்த்துக் கொண்டு இருக்கிறீர்கள். எதையோ ஒன்றைத் தட்டியதும் திரை முழுவதும் சிவப்பாக மாறுகிறது. "ஊ... ஊ..." என்று சைரன் அலறுகிறது.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து விட்டது. பேங்க் விவரங்கள் திருடப்படுகின்றன. கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். உடனே கீழே உள்ள நம்பருக்குப் போன் செய்யவும்" என்று ஆங்கில எழுத்துகள் பளிச்சிடுகின்றன. மூலையில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் சின்னமும் இருக்கிறது. மவுசை எப்படி ஆட்டினாலும் திரை மறைவதாக இல்லை.

கை நடுங்குகிறது. போனை எடுக்கிறீர்கள்.

அங்கேதான் மாட்டிக் கொள்கிறீர்கள்!

உண்மையில் அந்த நிமிடம் வரை கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையை அடைத்துக் கொண்டு நின்றது வெறும் ஒரு இணையப் பக்கம். சைரன், டேப் ரிக்கார்டரில் போடுகிற பாட்டு மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். திருடன் இன்னும் தெருவில்தான் நிற்கிறான். போன் போட்டு அவனை உள்ளே அழைப்பது வீட்டுக்காரர்.

போன் நம்பர் இருந்தால் போலி

விண்டோஸ் கொடுக்கிற நிஜமான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. மைக்ரோசாப்ட் கம்பெனியே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி இருக்கிறது. அந்தக் கம்பெனி தானாக யாருக்கும் போன் செய்து "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு" என்று சொல்வதும் கிடையாது. உலகம் பூராவும் உள்ள கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் உங்கள் வீட்டு ஹாலில் இருப்பதை மட்டும் அவர்கள் ஏன் பார்த்துக் கொண்டு இருக்கப் போகிறார்கள்?

சிவப்புத் திரை வந்தால் எஸ்கேப் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை சுருங்கி, மூடுகிற பெருக்கல் குறி மேலே தெரியும். மசியவில்லை என்றால் ஆல்ட் பட்டனையும் எப்-4 பட்டனையும் சேர்த்துத் தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணைத்து விடலாம். மறுபடி போடும்போது "பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். அது ஒன்றுதான் முக்கியம். திறந்தால் சைரனும் கூடவே வரும்.

இன்னொரு வழியாகவும் இந்த ஆசாமிகள் வருவார்கள். பிரிண்டர் ஓடவில்லை, பேங்க் கணக்கு திறக்கவில்லை என்று கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" தேடுகிறோம் அல்லவா? முதலில் வந்து நிற்கிற நம்பர் சில சமயம் அவர்களுடையது. விளம்பரம் கொடுத்து முன்னால் வந்து நிற்பார்கள். பேங்க் நம்பர் வேண்டும் என்றால் ஏ.டி.எம். கார்டின் முதுகிலும் பாஸ்புத்தகத்திலும் அச்சடித்து இருக்கிறது. அதைப் பாருங்கள்.

"சார், பயப்படாதீங்க!"

போன் போட்டதும் எடுக்கிறவன் படு மரியாதைக்காரன். "சார், பயப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன். கம்ப்யூட்டர் முன்னாடிதானே இருக்கீங்க?" என்று ஆரம்பிப்பான். இரண்டு பட்டன்களை அழுத்தி ஒரு வார்த்தையை டைப் செய்யச் சொல்வான். "ஈவண்ட் வியூவர்" என்று ஒரு பட்டியல் திறக்கும். மஞ்சள் முக்கோணமும் சிவப்பு வட்டமுமாக நூற்றுக்கணக்கில் "எரர்" என்று வரிசையாக நிற்கும்.

"பார்த்தீங்களா சார்? எல்லாமே வைரஸ்!"

வைரசாவது, மண்ணாவது! கம்ப்யூட்டர் தன் அன்றாட வேலையில் நடக்கிற சின்னச் சின்னத் தடங்கல்களை எழுதி வைக்கிற குறிப்பு நோட்டு அது. நேற்று கடையில் இருந்து பெட்டி பிரித்த புத்தம் புதுக் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிவப்பு வட்டம் இருக்கும்.

அடுத்த வேடிக்கை இதைவிட ஜோர். "உங்க கம்ப்யூட்டரோட ரகசிய நம்பர் எங்ககிட்ட இருக்கு. நான் சொல்றேன், சரி பாருங்க" என்பான். 888 என்று தொடங்கும் ஒரு நீளமான எண்ணைப் படிப்பான். நம் திரையிலும் அதே எண் வரும். ஆள் அசந்து போவார். அந்த எண் விண்டோஸ் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றேதான்! "உங்கள் வீட்டு கடிகாரத்தில் 12 என்ற எண் இருக்கிறதா?" என்று ஜோசியர் கேட்ட கதை.

சாவி கை மாறும் இடம்

இவ்வளவும் நாடகம். காரியம் இனிமேல்தான். "எனிடெஸ்க்" அல்லது "டீம்வியூவர்" என்ற புரோகிராமை இறக்கச் சொல்வான். அதில் ஒரு நம்பர் தெரியும். அதை அவனிடம் படித்துக் காட்டி, "சம்மதம்" என்ற பட்டனைத் தட்டியதும் நம் மவுஸ் தானாக நகரும். எங்கோ உட்கார்ந்து இருக்கிறவன் கையில் நம் கம்ப்யூட்டர்!

இந்தப் புரோகிராம்கள் திருட்டுச் சரக்கு அல்ல. ஆபீஸ்களில் என்ஜினீயர்கள் தூரத்தில் இருந்து ரிப்பேர் பார்க்க இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் வைரஸ் தடுப்பு புரோகிராம் சத்தம் போடுவதில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து உபசரிக்கும்போது காவல் நாய் ஏன் குரைக்கும்? எனிடெஸ்க்கை வைத்து நடக்கும் மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் பேங்க் எச்சரிக்கை விட்டது.

பிறகு நடப்பதைக் கவனமாகப் படியுங்கள்.

"கிளீன் பண்ணியாச்சு சார். பத்து ரூபா மட்டும் கட்டுங்க" என்பான். கார்டு நம்பரை டைப் செய்வதை அவன் அங்கிருந்தே பார்ப்பான். ஓ.டி.பி.யை நைசாகக் கேட்டு வாங்குவான். பத்து ரூபாய் என்று சொன்னது எத்தனை ஆயிரமாகப் போனது என்பது பிறகுதான் தெரியும்.

இல்லை என்றால் "ரீபண்ட்" நாடகம். "உங்களுக்கு ஐநூறு ரூபா திருப்பித் தரணும், பேங்க் பக்கத்தைத் திறங்க" என்பான். திறந்ததும் திரையைக் கொஞ்ச நேரம் கறுப்பாக்கி விடுவான். மறுபடி வெளிச்சம் வரும்போது கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கும்!

"ஐயோ சார், ஒரு சைபரைத் தப்பா போட்டு, இன்னொண்ணையும் சேர்த்துட்டேன். என் வேலை போயிடும் சார். குழந்தை குட்டிக்காரன் சார். மீதியைத் திருப்பி அனுப்பிடுங்க சார்!" என்று போனில் அழுவான்.

நல்ல மனிதர்கள் இரக்கப்பட்டு அனுப்பி விடுகிறார்கள். அந்த ஐம்பதாயிரம் எங்கே இருந்து வந்தது? எங்கே இருந்தும் வரவில்லை. நம் திரையில் தெரிகிற பக்கத்தின் எழுத்தையும் எண்ணையும் நம் கம்ப்யூட்டரிலேயே மாற்றிக் காட்ட முடியும். பேங்க் கணக்கில் ஒரு பைசா அசைந்து இருக்காது. பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்தால் குட்டு உடைந்து விடும். அதனால்தான் "எதையும் தொடாதீங்க சார்" என்று சொல்லிக் கொண்டே இருப்பான். அதைவிட மோசம், நம்முடைய பிக்சட் டெபாசிட்டையே உடைத்து சேமிப்புக் கணக்கில் போட்டு, "பாருங்க, எங்க பணம் வந்திருக்கு" என்று காட்டுவது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை, அடுத்தவன் பணம் என்று நினைத்து, நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி!

இந்தத் தொழிலில் நம் நாட்டுக்குப் பெருமை இல்லாத ஒரு இடம் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள வயதானவர்களுக்குப் போகும் இப்படிப்பட்ட போன்களில் பல, நம் ஊர் கால் சென்டர்களில் இருந்து போகிறவை. 2018-ம் ஆண்டு கடைசியில் மைக்ரோசாப்ட் கொடுத்த புகாரின் பேரில் டெல்லியை அடுத்த குர்கானிலும் நொய்டாவிலும் போலீசார் பல கால் சென்டர்களைச் சோதனை போட்டு ஆட்களைக் கைது செய்தார்கள். இங்கிலீஷ் படித்த பையன்கள், மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து பாட்டிமார்களை ஏய்த்தார்கள். இப்போது அதே வசனம் இந்தியிலும் தமிழிலும் நம் காதுக்கே வருகிறது.

பிளாப்பியில் வந்த பணம் பறிப்பு

கம்ப்யூட்டரைப் பூட்டி வைத்துக் கொண்டு பணம் கேட்பது ஏதோ புது வித்தை என்று நினைக்க வேண்டாம். 1989 டிசம்பரில் லண்டனில் இருந்து சுமார் 20 ஆயிரம் பிளாப்பிகள் தபாலில் பல நாடுகளுக்குப் போயின. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே எழுதி இருந்தது. போட்டுப் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர், தொண்ணூறு தடவை ஆன் செய்த பிறகு, பைல் பெயர்களை எல்லாம் குழப்பி விட்டது. "189 டாலரை பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு அனுப்பு" என்று திரையில் மிரட்டல்! ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியல் நிபுணர் பிடிபட்டார். மனநிலை சரியில்லை என்று கோர்ட்டு விசாரணை நடத்தாமல் விட்டு விட்டது.

28 வருஷம் கழித்து, 2017 மே 12-ந்தேதி "வான்னாகிரை" வந்தது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டிக் கொண்டன! கேட்ட தொகை 300 டாலர். வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் "அப்டேட்" மார்ச் 14-ந்தேதியே இலவசமாக வந்து விட்டது. இரண்டு மாதமாகப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

"அப்டேட் போடட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது "அப்புறம், அப்புறம்" என்று தள்ளுகிறோமே, அதன் விலை இது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு அதற்கு வழக்கமான அப்டேட் நின்று விட்டது. பதிவு செய்து கொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் தவணை கொடுத்தார்கள். மெஷின் இடம் கொடுத்தால் விண்டோஸ் 11-க்கு மாறுவதே நல்லது.

வைரஸ் தடுப்புக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விண்டோசுக்கு உள்ளேயே "டிபெண்டர்" இருக்கிறது. இலவசம். சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் திருட்டு சினிமா, திருட்டு சாப்ட்வேர் இறக்கும்போது "டிபெண்டரை அணைத்து விட்டுப் போடவும்" என்று குறிப்பு இருக்கும். வாட்ச்மேனை லீவில் அனுப்பி விட்டு வா என்று சொல்கிறான். ஏன் என்று யோசிக்க வேண்டாமா?

பைலின் வாலைப் பாருங்கள்

2000-ம் ஆண்டு மே மாதம் மணிலாவில் இருந்து "ஐ லவ் யூ" என்று ஒரு மெயில் கிளம்பி உலகத்தையே கலக்கியது. காதல் கடிதம் போல ஒரு இணைப்பு. பெயரில் "டி.எக்ஸ்.டி." என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வால் இருந்தது, அதுதான் விஷம். விண்டோஸ் அந்தக் கடைசி வாலைக் காட்டுவது இல்லை. அனுப்பிய வாலிபர் மீது வழக்குப் போடப் பிலிப்பைன்ஸ் நாட்டில் அப்போது சட்டமே இல்லை!

இன்றும் விண்டோஸ் வாலை மறைத்துத்தான் வைக்கிறது. "வியூ" என்ற இடத்தில் போய், பைல் வால்களைக் காட்டு என்று டிக் செய்து விடுங்கள். பில், கூரியர் ரசீது என்று வரும் பைலின் கடைசியில் "இ.எக்ஸ்.இ." என்று இருந்தால் தொடாதீர்கள். செல்போனுக்குக் கல்யாணப் பத்திரிகை என்று "ஏ.பி.கே." வருவதும் இதன் தம்பிதான்.

குழந்தைகள் விளையாடும் கம்ப்யூட்டர் என்றால், அவர்களுக்கு அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். எதையாவது இறக்கினால் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். போட்டோக்கள், பத்திர நகல்கள், கடைக் கணக்கு இவற்றைத் தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டி விடுவான்.

மாட்டிக் கொண்டால்

முதல் வேலை, இணைய ஒயரைப் பிடுங்குங்கள். அல்லது வைபை பெட்டியை அணையுங்கள். அவன் கை அறுந்து விடும். இரண்டாவது, வேறு போனில் இருந்து பேங்க்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். கையோடு 1930 என்ற எண்ணுக்குப் புகார். பணம் ஒரு பேங்க்கில் இருந்து இன்னொரு பேங்க்குக்குத் தாவித் தாவி ஓடுவதற்குள் வழியில் மடக்குவதற்கே அந்த எண் இருக்கிறது. பாஸ்வேர்டுகளை வேறு மெஷினில் இருந்து மாற்றுங்கள். அவன் இறக்க வைத்த புரோகிராமை நீக்குங்கள். சந்தேகம் தீராவிட்டால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து விண்டோசைப் புதிதாகப் போடச் சொல்வதே மேல்.

2017 ஜூலையில் ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவில் ஒரு வரி எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டியது. நாமே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்தால், பேங்க்குக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் நம் தலையில். தகவல் சொன்ன பிறகு போனால் பேங்க் தலையில். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசு.

ஆனால் நடப்பது என்ன? "மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், ஆபீசில் தெரிந்தால் சிரிப்பார்கள்" என்று இரண்டு நாள் வாயை மூடிக் கொண்டு இருக்கிறார்கள். திருடனுக்கு அதுதான் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் ஏமாந்து விட்டால் கோபத்தை அப்புறம் காட்டிக் கொள்ளலாம். முதலில் போனை எடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏமாந்தவர் நம்பர் இந்த ஆசாமிகளின் நோட்டில் இருக்கும். சில வாரம் கழித்து வேறு குரல் வரும். "சைபர் கிரைம்ல இருந்து பேசறோம். உங்க பணத்தைப் பிடிச்சு வெச்சிருக்கோம். மீட்கறதுக்கு ஐயாயிரம் கட்டணும்" என்பான். கட்டாதீர்கள். 1930-ல் புகார் கொடுக்கவும் பணத்தைத் திரும்ப வாங்கவும் கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது.