ஒரு காதில் மட்டும் கேள்வி குறைந்தால்

காது சரியாகக் கேட்கவில்லை என்று மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோருக்குக் காரணம் காதிலேயே இருக்கும். அடைத்த குறும்பியோ, நடுக்காதுச் சீழோ, முதுமையோ அதற்குக் காரணமாகலாம். மிகச் சிலருக்கோ அது காதைத் தாண்டி, மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அத்தகைய காரணங்களுள் முதன்மையானது ‘வெஸ்டிபுலார் ஷ்வானோமா’ எனப்படும் செவிநரம்புக் கட்டி. இது புற்றுநோயன்று, பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை.

உட்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாம் நரம்பின் ஒரு கிளை ஒலியையும், மற்றொன்று உடற்சமநிலைச் செய்தியையும் கொண்டு செல்கிறது. கட்டி தோன்றுவது சமநிலைக் கிளையில். ஆயினும் இரண்டும் ஒரே குறுகிய எலும்புக் குழாய் வழியே செல்வதால், முதலில் குறைவது பெரும்பாலும் கேள்வியே. கட்டி மெல்ல வளர்வதால் மூளை சமநிலைக் குறையை ஈடுசெய்துகொள்கிறது. ஆகவே கடுந்தலைசுற்றல் பலருக்கு இருப்பதில்லை.

பலர் இதனைத் தொலைபேசியில்தான் உணர்கின்றனர். ஒரு காதில் தெளிவாக விளங்கும் பேச்சு, மறுகாதில் வெறும் ஓசையாக ஒலிக்கும், சொற்கள் பிடிபடா. அக்காதில் ஓயாத இரைச்சலும் இருக்கலாம். மற்றக் காது நன்றாக இருப்பதால் வீட்டார் இதனைக் கவனக்குறைவென்று கடிந்துகொள்வதும் உண்டு. காரணம் அறியாமல் கேட்புக் கருவி மட்டும் வாங்கிப் பொருத்திக்கொள்வது நன்றன்று.

முதலில் கேட்புத்திறன் சோதனை செய்யப்படும். இரு காதுகளுக்கும் வேறுபாடு தெரிந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும், சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் அதில் புலப்படும். ஸ்கேன் எடுக்கச் சொன்னவுடன் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு எடுப்போரில் பெரும்பாலோருக்குக் கட்டி இருப்பதில்லை.

சிறு கட்டியெனில், குறிப்பிட்ட இடைவெளிகளில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே போதுமானதாக இருக்கலாம். வளர்ந்தால் கதிர்வீச்சோ அறுவையோ தேவைப்படும். பெரிய கட்டி மூளைத்தண்டை அழுத்தக்கூடும். முகத்தசைகளை இயக்கும் நரம்பு கட்டியை ஒட்டியே செல்வதால், அதனைக் காப்பதே அறுவையில் பெருங்கவலை. இழந்த கேள்வி மீள்வது அரிது.

ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் காது கேளாமற்போனால் காத்திருக்கலாகாது; ஸ்டீராய்டு மருந்து முதல் இரு வாரங்களுக்குள் தரப்பட்டால்தான் பயன் மிகுதி. நாடித்துடிப்புடன் ஒத்து ஒலிக்கும் இரைச்சலுக்கு இரத்தக்குழாய்க் கோளாறோ, மண்டைக்குள் மிகுந்த அழுத்தமோ காரணமாகலாம். அதனையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பழைய கேட்புத்திறன் அறிக்கைகள் இருப்பின் உடன் கொண்டு வருக. உடலில் பேஸ்மேக்கர் முதலிய கருவிகள் இருப்பின், அல்லது சிறுநீரகக் கோளாறு இருப்பின், ஸ்கேனுக்கு முன்பே கூறிவிடுக.