படச்சுருளின் நிலைபேறு

எண்முறைப் படப்பிடிப்பு மேலோங்கவே, படச்சுருள் வழக்கொழியும் எனப் பலர் கருதினர். 2012 இல் கொடக் நிறுவனம் வங்குறோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2013 இல் பியூஜி நிறுவனம் படப்பிடிப்புச் சுருள் உற்பத்தியை நிறுத்தியது. 2015 இல் ஹொலிவூட்டின் ஆறு பெரும் நிறுவனங்கள் சுருள் வாங்க உடன்பட்டமையால் கொடக்கின் உற்பத்தி தொடர்ந்தது.

எனினும் படச்சுருளின் நிலைபேறு இயக்குநரின் விருப்பத்தை மாத்திரம் பொறுத்ததன்று. எண்முறைப் பதிவைப் படிக்கத் தக்க கருவி வேண்டும். அக்கருவி பழமையடையுமுன் பதிவைப் புதிய சாதனத்துக்கு மாற்றவும் வேண்டும். சுருளிலுள்ள உருவோ ஒளியும் வில்லையும் இருப்பின் கண்ணுக்குப் புலனாகும். ஆதலின், எண்முறையில் எடுத்த படங்கள் சிலவும் மூன்று வண்ணக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளைச் சுருளிற் பதிக்கப்பட்டுக் குளிரறைகளிற் பேணப்படுகின்றன. வண்ணச் சாயம் நாளடைவில் மங்கும். வெள்ளியாலாகிய உரு நெடுங்காலம் நிலைக்கும் என்பதே இதன் காரணம்.