பத்துக் கூறு ஒரே கூறானால்

சிதம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். தன்னிடம் இருந்த 375 பங்குகள் ஒரே இரவில் 37 ஆகிவிட்டனவாம். பாக்கியை எடுத்துக்கொண்டது யார் என்பது அவருடைய கேள்வி.

யாரும் எடுக்கவில்லை. நடந்தது பங்கு ஒருங்கிணைப்பு. சந்தைக்காரர்கள் வாயில் 'ரிவர்ஸ் ஸ்பிளிட்'. கடலூர் முதுநகரில் மீன் வாங்கியவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். இருபது ரூபாய்க் கூறாகப் பரப்பிய நெத்திலியில் பத்தை ஒன்றாகக் குவித்தால் அது இருநூறு ரூபாய்க் கூறு. மீன் ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்கு பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒரே பங்காவதும் இப்படித்தான்.

பிறகு எதற்கு இந்தச் சிரமம்? பெரும்பாலும் மானப் பிரச்சினை. அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஒரு பங்கு தொடர்ந்து 30 வர்த்தக நாள் ஒரு டாலருக்குக் கீழே கிடந்தால் நோட்டீஸ் வரும். அதற்குப் பயந்து குவிப்பவர்கள் அங்கே ஏராளம். பெரிய இடமும் விலக்கில்லை: 2008 நெருக்கடியில் அடிபட்ட சிட்டி குழுமம் 2011 மே மாதம் பத்துக்கு ஒன்றாக்கியது. சுமார் 2,900 கோடிப் பங்குகள் 290 கோடியாயின. நாலரை டாலர் பங்கு 45 டாலரை ஒட்டி வந்து நின்றது. இந்தியாவில் அப்படி ஒரு ரூபாய்க் கோடு எதுவும் இல்லாததால் இந்த வேலை அபூர்வம்.

கெட்டுப்போன மீனைப் பெரிய கூறாகப் போட்டாலும் நாற்றம் போகாது. கடலூர் இதைச் செலவு செய்தே கற்றது. இங்கே கட்டிக்கொண்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புரட்டிப் போட்டது. திட்டம் எழவே இல்லை, கம்பெனி கலைப்புக்குப் போனது. அதில் முதலீடு செய்திருந்த, சந்தையில் பட்டியலான நிறுவனத்தின் பங்குக்கு முகமதிப்பு ஒரு ரூபாய். அதைப் பத்து ரூபாயாக்கியிருந்தாலும் ஆலை வந்திருக்காது.

உண்மையான ஆபத்து குவிப்பதில் இல்லை, குவித்த கையோடு புதுப் பங்கு அச்சடிப்பதில்தான். ருச்சி சோயாவைப் பாருங்கள். திவால் நடவடிக்கை முடிந்து 2019-ல் பதஞ்சலி வசம் போனபோது பழைய பங்குகளில் நூறு ஒன்றானது. 33 கோடிச் சொச்சம் 33 லட்சச் சொச்சமாகச் சுருங்கியது. வர்த்தகம் நிற்கும்போது பங்கு மூன்று ரூபாய்ச் சொச்சம். நூறால் பெருக்கினால் முந்நூறைத் தாண்ட வேண்டும். 2020 ஜனவரி 27-ல் திரும்பி வந்தபோதோ விலை சுமார் 17 ரூபாய்தான்! ஏனெனில் புதிய உரிமையாளர்களுக்குக் கோடிக்கணக்கில் பங்குகள் கொடுத்தாயிற்று. பொதுமக்கள் கையில் மிஞ்சியது ஏறக்குறைய ஒரு சதவீதம். அந்த ஒரு கூடை மீனுக்கு ஊரே முண்டியடித்ததில் ஜூன் கடைசியில் விலை 1,500 ரூபாயைக் கடந்தது வேறு கூத்து.

இனி ஆசிரியரின் கணக்கு. 375-ஐப் பத்தால் வகுத்தால் 37, மேலே அரை. இந்த அரைதான் இந்த விவகாரத்திலேயே ருசியான பகுதி. நம் நாட்டில் அரைப் பங்கை டீமேட் கணக்கில் வைக்க முடியாது. ஆகவே எல்லாருடைய அரையும் காலும் முக்காலும் ஓரிடத்தில் சேர்க்கப்படும். வழக்கமாக ஓர் அறங்காவலர் பெயரில் முழுப் பங்குகளாக்கி, சந்தையில் விற்று, பணத்தை அவரவர் பின்னத்துக்கேற்பப் பிரித்து அனுப்புவார்கள். பத்துக்கும் குறைவாக வைத்திருந்தவர் பணத்தோடு வெளியேற வேண்டியதுதான். பங்குதாரர் என்ற பெயரே போய்விடும். இப்படி வாக்குரிமையின் விகிதம் மாறுகிற ஒருங்கிணைப்புக்கு, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி, தீர்ப்பாயத்தின் ஒப்புதல் வேண்டும். சின்னவரை நினைத்து எழுதிய விதி.

ஆனால் சின்னவர் தன்னை நினைக்க வேண்டாமா? கடலூரிலும் சிதம்பரத்திலும் எத்தனை வீட்டுப் பரணில் தாத்தா வாங்கிய காகிதப் பங்குப் பத்திரங்கள் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்குகின்றன! 2019 ஏப்ரல் முதல் காகிதமாகவே அவற்றைப் பிறருக்கு விற்க வழியில்லை. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் கேட்காவிட்டால் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெறலாம், அலையத் தெம்பு வேண்டும்.

ஆசிரியரின் பங்கு எட்டு ரூபாய்க்கு விற்றதாம். அப்படியானால் ஒருங்கிணைத்த பங்கு எண்பதை ஒட்டி இருக்கும். அவருடைய அரைக்கு நாற்பது ரூபாய் சேர வேண்டும். டீமேட்டில் இணைத்த வங்கிக் கணக்கை அவர் பார்த்தாரா என்று கடிதத்தில் இல்லை. கடைசி வரியில் மட்டும், நான்கு வருடம் முன்பு கீழவீதியிலிருந்து வீடு மாறிவிட்டதாகவும் பழைய வங்கிக் கணக்கை முடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.