பழைய சரக்கு வண்டிக்குக் காலையில் பத்து நிமிடம்

கோயம்பேட்டில் சரக்கேற்றிக் குரோம்பேட்டைக்குத் திரும்பும் வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுவிட்டால், அன்றைய வியாபாரமும் நின்றுவிடும். பழைய டாடா ஏஸ் வைத்திருக்கும் மளிகை வணிகர்கள் சில வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் இன்ஜின் சூடாகும் முன் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பேட்டரி முனையில் பூத்திருந்தால், நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுத் துடைத்து, வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

2005இல் வந்த முதல் ஏஸ் சுமக்கும் எடை 750 கிலோ. அதாவது ஐம்பது கிலோ மூட்டை பதினைந்து. வாடகை மிச்சம் என்று இருபத்தைந்து ஏற்றினால், டயரும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் அதற்கு வட்டி கட்டும்.

பிரேக்கில் மட்டும் கை வைத்தியம் வேண்டாம். பிரேக் ஆயில் குறைந்தால் எங்கோ கசிகிறது, அல்லது லைனிங் தேய்ந்திருக்கிறது. ஆயிலை ஊற்றிவிட்டு ஓட்டாமல், நேரே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். தினமும் கவனித்த வண்டிக்கு அந்த நேரத்தில் பெருஞ்செலவு வராது. கடைக் கணக்கை அன்றன்றே பார்ப்பவர் நாம். வண்டியையும் அப்படியே பார்ப்போம்.