அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு எழுத்துப் பாடம்

நெசவாளர் இல்லங்களிலிருந்தும் விவசாயிகள் இல்லங்களிலிருந்தும் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வது இப்பொழுது அரிய செய்தியன்று. அவர்களுள் சிலர் கடல் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இளநிலைப் பட்ட வகுப்பிலும் சேர்கின்றனர். அங்கே பொறியியல் படிக்கச் சென்றவராயினும், வணிகவியல் படிக்கச் சென்றவராயினும், பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டிலேயே ஒரு பாடத்தைக் கட்டாயமாகப் படித்தாக வேண்டும். அதுவே எழுத்துப் பாடம். “நம் பிள்ளைக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வருமே, இதில் என்ன சிரமம்?” என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆயினும், உயர்ந்த மதிப்பெண்களோடு சென்ற மாணவர்களும் இப்பாடத்தில் திகைத்து நிற்பதுண்டு. அதன் விதிகளை அறியாமையால் படிப்பே தடைப்படவும் கூடும். ஆகவே, இப்பாடம் எத்தகையது என்பதை நம் அங்கத்தினர்கள் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பாடம் தோன்றிய வரலாறு

1636-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹார்வர்டு கல்லூரி, 1874-இல் தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை எழுதுமாறு மாணவர்களைக் கேட்டது. நல்ல பள்ளிகளில் பயின்று வந்தவர்களே பிழை மலிந்த கட்டுரைகளை எழுதியது கண்டு ஆசிரியர்கள் வியப்புற்றனர். ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்னும் பேராசிரியரின் முயற்சியால் 1885-இல் இப்பாடம் அங்கே முதலாண்டு வகுப்பில் இடம் பெற்றது. பிற கல்லூரிகளும் அவ்வழியைப் பின்பற்றின. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்காகத் தோன்றிய பாடம் இது என்பதை நாம் மறத்தலாகாது. நம் பிள்ளைகள் அதனைக் கற்க நேர்வதில் இழிவு ஏதுமில்லை.

1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்நகரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த அனைவர்க்கும் இடம் அளிக்க முன்வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் பலர் அப்பொழுது சேர்ந்தனர். அங்கே பணியாற்றிய மினா ஷானசி என்னும் அம்மையார், அத்தகைய மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்து, 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார். மாணவர் செய்யும் பிழைகள் சோம்பலாலோ அறிவுக் குறைவாலோ நேர்வன அல்ல. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைக் கண்டறிந்தால் பிழையை நீக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. எழுத்தறிவு பரம்பரைச் சொத்து அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வகுப்பு நடைபெறும் முறை

இப்பாடம் பெரும்பாலும் ஒரு பருவம், அதாவது சுமார் 15 வாரம் நடைபெறும். வாரம் 3 மணி நேரம் வகுப்பு. அதற்கு ஈடாக வீட்டில் ஏறத்தாழ 6 மணி நேர உழைப்பு தேவைப்படும். ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் இருத்தலாகாது, 15 பேரே சிறப்பு என்பது 1949-இல் தோன்றிய கல்லூரி எழுத்தாசிரியர் மாநாட்டுச் சங்கத்தின் பரிந்துரை. எல்லாக் கல்லூரிகளும் இதனைக் கடைப்பிடிக்க இயலுவதில்லை.

நம் கலைக் கல்லூரிகளின் மொழிப்பாடங்களில் செய்யுளும் உரைநடையும் குறிக்கப்பெறுகின்றன. மாணவர் அவற்றைக் கற்றுப் பருவ முடிவில் தேர்வு எழுதுகின்றனர். அங்கோ மாணவர் எழுதும் எழுத்தே பாடம். பல கல்லூரிகளில் இதற்கு இறுதித் தேர்வு என்பதே இல்லை. பருவம் முழுவதும் எழுதும் மூன்று முதல் ஐந்து கட்டுரைகளே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். முதல் நாளன்று ஆசிரியர் பாடத்திட்டத் தாள் ஒன்றை வழங்குவார். கட்டுரைகளைத் தரவேண்டிய நாட்கள், வருகை விதிகள், மதிப்பெண் பங்கீடு யாவும் அதில் அடங்கும். சங்கத்திற்குத் துணைவிதிகள் எப்படியோ, வகுப்பிற்கு அத்தாள் அப்படி.

கட்டுரையில் எதிர்பார்ப்பது யாது?

செய்திகளைத் தொகுத்துத் தருவது மட்டும் அங்கே போதாது. மாணவர் ஒரு கருத்தை முன்வைத்து, அதனைச் சான்று காட்டி நிலைநாட்ட வேண்டும். “கைத்தறித் துணி சிறந்தது” என்பது வெறும் புகழ்ச்சி. “சங்கம் நூலை மொத்தமாக வாங்கிக் கொடுப்பதனால் சிறு நெசவாளர் தனியாரிடம் கடன்படாமல் தறியை ஓட்ட முடிகிறது” என்பது வாதத்திற்குரிய கருத்து. ஒருவர் இதனை மறுக்கலாம். மறுப்பவர்க்கு விடை கூற நூலின் விலை, கூலி, கடன் வட்டி ஆகிய விவரங்கள் வேண்டும். எதிர்க் கட்சியின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக் கூறி, பிறகு அதற்கு விடையளித்தல் வேண்டும். பொதுக்குழுவில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து பேசுவோர் இம்முறையை நன்கு அறிவர்.

வரைவும் திருத்தமும்

கட்டுரையை ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவதை ஆசிரியர் விரும்புவதில்லை. முதலில் ஒரு வரைவு. அதனைச் சக மாணவர் இருவர் மூவர் படித்துக் கருத்துரைப்பர். ஆசிரியரும் தனியே அழைத்துப் பேசுவார். பிறகு மாணவர் திருத்தி எழுதுவார். எழுத்தை முடிந்த பொருளாகக் கருதாமல், செய்யும் வேலையாகக் கருதிக் கற்பிக்க வேண்டும் என்று டொனால்டு மர்ரி என்னும் ஆசிரியர் 1972-இல் வற்புறுத்தினார். இன்று அதுவே பரவலான வழக்கம்.

ஆசிரியர் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தித் தரமாட்டார். “இதற்குச் சான்று எங்கே?”, “இப்பத்தி முன்னதோடு எவ்வாறு இணைகிறது?” என்று ஓரத்தில் கேள்விகளை எழுதுவார். இதனைக் குறை கூறுதலாகக் கொண்டு மனம் சோர்தல் கூடாது. திருத்துதல் என்பது எழுத்துப்பிழை நீக்குவதோடு நிற்பதன்று. பாவில் குறை இருப்பின் ஊடையை மாற்றுவதால் பயனில்லை என்பது போல, அடிப்படைக் கருத்தையே மாற்றியமைக்க நேரலாம்.

பெரும்பாலான கல்லூரிகளில் எழுத்து உதவி நிலையம் ஒன்று இருக்கும். மாணவர் அங்கே கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் எழுத்துக்கூடம் 1976-இல் தொடங்கப்பெற்றது. 1994 முதல் அதன் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் ஊரிலிருந்தபடியே எவரும் அவற்றைப் படிக்கலாம்.

மேற்கோளும் பற்றுச்சீட்டும்

அங்கத்தினர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. பிறருடைய சொல்லையோ கருத்தையோ எடுத்தாண்டால், அது எங்கிருந்து வந்தது என்பதை அங்கேயே குறித்தாக வேண்டும். சொற்களை மாற்றி எழுதினும் கருத்து பிறருடையதாயின் குறிப்பு அவசியம். பற்றுச்சீட்டு இல்லாத செலவை, அது நியாயமான செலவேயாயினும், தணிக்கையாளர் ஏற்பதில்லை. அதுபோன்றதே இதுவும்.

நம் பிள்ளைகள் பலர் விடைகளை மனப்பாடம் செய்து, அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றுப் பழகியவர்கள். இங்கே பாராட்டுப் பெற்ற அவ்வழக்கம் அங்கே களவு எனக் கருதப்படும். அதற்குக் கட்டுரைக்கு மதிப்பெண் இன்மை, பாடத்தில் தோல்வி, கல்லூரியிலிருந்து இடைநீக்கம் எனப் படிப்படியான தண்டனைகள் உண்டு. எஃப்-1 விசாவில் செல்லும் இளநிலை மாணவர் பொதுவாகப் பருவம் ஒன்றுக்கு 12 பாட அலகுகளுக்குக் குறையாமல் படித்துவர வேண்டும். இடைநீக்கம் நேரின் அந்நாட்டில் தங்கும் உரிமைக்கே ஊறு விளையும். நிலத்தை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்திற்கு இது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கணினியே கட்டுரை எழுதித் தரும் நிலை ஏற்பட்டுள்ளது. இதனை அறவே தடுக்கும் ஆசிரியரும் உளர். சில வேலைகளுக்கு மட்டும் அனுமதிப்போரும் உளர். பாடத்திட்டத் தாளைப் பார்த்தும், ஐயம் இருப்பின் நேரில் கேட்டும் நடந்துகொள்வதே அறிவுடைமை. ஒவ்வொரு வரைவையும் தேதியோடு பாதுகாத்து வைத்தால், அது தன் உழைப்பே என்று மெய்ப்பிக்க உதவும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதல் கட்டுரையில் மதிப்பெண் குறைந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். ஆசிரியரை நேரில் கண்டாயா, எழுத்து உதவி நிலையத்திற்குச் சென்றாயா என்று கேளுங்கள். காசுக்குக் கட்டுரை எழுதித் தருவோரை நாடாதிருக்க எச்சரியுங்கள். புறப்படுவதற்கு முன்னரே, வாரம் ஒரு பக்கமேனும் தான் கண்டறிந்த ஒரு விஷயத்தைக் காரணம் காட்டி எழுதப் பழக்குங்கள். முதலில் தமிழில் எழுதினும் குற்றமில்லை. தெளிவாகச் சிந்திக்கும் பழக்கம் எம்மொழிக்கும் பொது. சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதில் உடன்படாத ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வதும் நல்ல பயிற்சியே. அப்பக்கத்தைப் பெற்றோரும் படித்து, விளங்காத இடத்தில் கேள்வி கேட்பின், எழுத்துப் பாடத்தின் முதல் வகுப்பு நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கிவிடும்.