உப்புக்காற்றுக்கு ஏற்ற வாசல் மரம்

சிமெண்டுத் தளம் போட வாசல் மரத்தை வெட்டும் வீடுகள் திருப்புல்லாணிப் பக்கமும் கூடிவிட்டன. புதிதாக எதை வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பூவரசு. உப்புக்காற்றையும் சவர்த் தண்ணீரையும் தாங்கும். காலையில் மஞ்சளாக விரியும் பூ சாயங்காலம் சிவந்துவிடும்.

விதையைவிடப் போத்து சுலபம். கைக்கனத்தில் 5 அடிப் போத்தை ஐப்பசி மழைக்கு முன் 2 அடிக் குழியில் தொழுவுரம் கலந்து நடுங்கள். மேல்வெட்டில் சாணி அப்பணும். சுவரிலிருந்து 15 அடி தள்ளியிருக்கட்டும். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றணும். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். ஆடு கடிக்காமல் முள் கட்டுங்கள்.

பருத்திக் காட்டை ஒட்டி மட்டும் வேண்டாம். பருத்தியைத் தாக்கும் சிவப்புப் பூச்சி இதிலும் தங்கும்.

வங்கியில் வட்டிக் கணக்குப் பார்த்தவன் நான். நிழல், ஆட்டுக்குத் தழை, வயலுக்குப் பசுந்தாள், கடைசியில் பலகை: இதைவிட நல்ல வைப்பு எது?